பெருங்காயப் பேணிக்குள் பதினொரு டொலர்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இளம் தலைமுறைக்கு ஊக்கம் தருவதாக இருக்க வேண்டுமாம். நான் சிட்னியில் முப்பது வருடத்துக்கு மேல் நாணய ஏலக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஊக்கம் தருகிற மாதிரி எதையும் அங்கே பார்க்கவில்லை. பார்த்ததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அந்த இரண்டு பக்கத்திலும் ஹரிஸ் பார்க் இனிப்புக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளலாம்.

திடீரென்று என்னை ஏன் தேடுகிறார்கள் என்பதும் தெரியும். பழைய அமெரிக்க வெள்ளி டொலர் ஒன்று, வானவில் நிறம் ஏறியதாக இருந்தால், இணைய ஏலத்தில் கார் விலைக்குப் போகிறது. அதே டொலர் வெள்ளையாக இருந்தால் குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடலாம், அவ்வளவுதான். போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் மூன்று பேர் என்னை மறித்தார்கள்.

“அங்கிள், நிறம் தானா வந்ததோ, ஆரும் செய்ததோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?”

“மணந்து பார்” என்றேன்.

சிரித்துவிட்டுப் போனார்கள். நான் பகிடி விடவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறம் என்றால் யாரோ மை பூசியதில்லை. வெள்ளி கறுக்கிறது, வேறொன்றுமில்லை. துணியிலும் கடதாசியிலும் காற்றிலும் இருக்கிற கந்தகம் வெள்ளியின் மேல் படலமாகப் படிகிறது. படலம் மெல்லியதாக இருக்கும்போது தேன் மஞ்சள். தடிக்கத் தடிக்கச் செம்பு நிறம், ஊதா, நீலம், பச்சை. விட்டால் கடைசியில் கரி. கரியாகும் வழியில் பாதியில் நின்றுபோன அழுக்குக்குத்தான் இந்த விலை.

நான் இந்த நாட்டுக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், வெள்ளையர் மட்டும் என்ற கொள்கையைத் தூக்கிய கையோடு. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன். அந்த அனுபவத்துக்கு இங்கே கிடைத்த மரியாதை, ஏலக் கந்தோரின் நிலக்கீழ் அறையில் பொதி கட்டும் வேலை. இரண்டு வருடம் கட்டினேன். ஒருநாள் மேலே இருந்து வந்த ஒரு காசைப் பார்த்து, அது வெள்ளியில்லை, முலாம் என்று சொன்னேன். அமிலம் விட்டுப் பார்த்தார்கள். முலாம்தான். அடுத்த வாரம் என்னை மேல்மாடிக்கு ஏற்றினார்கள். ஏலப் பட்டியலுக்குக் காசுகளை விவரித்து எழுதுகிற விவரிப்பாளர் வேலைக்கு, ஆறு மாதப் பரீட்சார்த்தமாக. கீழே கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு சம்பளம். மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து கூப்பிட அந்த நியமனக் கடிதம் வேண்டும். பொதி கட்டுகிறவனுடைய கடிதத்தை அப்போது குடிவரவுக் கந்தோரில் யாரும் மதிக்கவில்லை.

மேல்மாடியில் ராசா மிஸ்டர் வின்ஸ்லோ. கழுத்தில் வில் டை, சட்டைப் பையில் பட்டுக் கைக்குட்டை. சண்முகநாதன் என்ற என் பெயரை முதல் நாளே ‘ஷான்’ ஆக்கினார். முழுப் பெயரையும் சொல்லப் போனால் மதியச் சாப்பாடு ஆறிவிடும் என்றார். சொல்லிவிட்டு நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் உறவு அங்கேயே முடிந்துவிட்டது.

அவர் காசு பார்க்கிற விதத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அறையின் திரையை இழுத்து மூடுவார். மேசையில் ஒரேயொரு குமிழ் விளக்கு. காசை விளிம்பில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடிப்பார், முகத்தில் விரல் படாது. வாயைத் திறக்க மாட்டார், எச்சில் துளி பட்டால் புள்ளி விழும். விளக்குக்குக் கீழே மெதுவாகச் சரிப்பார். புதுக் காசின் மேல் ஒளி வண்டிச் சில்லின் கம்பிகள் போலச் சுழல வேண்டும். நிறத்துக்கு அடியிலும் அந்தச் சில்லு தடங்கலில்லாமல் சுழன்றால் நிறம் நல்லது. நின்று நின்று சுழன்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பிறகு நிறங்களின் வரிசையைப் பார்ப்பார். மஞ்சளில் இருந்து ஒரே தாவலில் நீலத்துக்குப் போனால் அடுப்பிலோ மருந்திலோ அவசரப்படுத்தியது. இதெல்லாம் நான் அவரிடம் கற்றது. ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு காசை மணப்பார்.

ஆம், மணப்பார். கண்ணை மூடிக்கொண்டு, வைன் கிளாசை மணக்கிறவன் மாதிரி. பழைய அலுமாரியில் கிடந்த காசுக்கு மரத்தின் வாசம் இருக்குமாம். வங்கிச் சாக்கில் கிடந்ததற்குச் சணல் வாசமாம். கந்தோரில் எல்லோரும் இதை வியந்து பார்த்தார்கள். அந்த நாளில் சேகரிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பளிச்சென்ற வெள்ளைக் காசுதான் கேட்பார்கள். நிறம் பிடித்தவர்கள் சின்னக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு வின்ஸ்லோவின் மூக்குதான் கோயில்.

இனி குகதாசன். அவனும் யாழ்ப்பாணம், என்னைவிட ஆறேழு வயது இளையவன். புறநகர் பென்டில் ஹில்லில் வாடகைக்கு, கல்நார்த் தகடு அடித்த ஒரு ஃபைப்ரோ வீடு. கணக்கியல் படிக்க வந்த காலத்தில் கிங்ஸ் குரொஸில் ஒரு ஹொட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்தான். வியட்நாமிலிருந்து விடுமுறையில் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கேதான் தங்கினார்கள். அதிர்ஷ்டத்துக்கென்று பொக்கற்றில் ஒரு வெள்ளி டொலர் வைத்திருக்கிற சிப்பாய்க்குக் குடித்துக் காசு தீர்ந்ததும் அதிர்ஷ்டம் தேவைப்படாது. அப்படி வாங்கி வாங்கிப் பதின்மூன்று டொலர் சேர்த்திருந்தான். வீடு வாங்க முற்பணத்துக்கு உதவும் என்று வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டான். போனால் முகம் செத்துப்போய் இருக்கிறான்.

“அண்ணை, ஒரு வெட்கக்கேடு. காசெல்லாம் பழுதாப் போச்சு.”

“என்ன பழுது?”

“கறுத்துப் போச்சு. இவ கொண்டுபோய்ப் பெருங்காயப் பேணிக்குள்ள வைச்சவ.”

குசினிக்குள் இருந்து அவன் மனைவி பரமேஸ்வரியின் சத்தம் வந்தது. “கள்ளன் அலுமாரியைத் திறப்பான், லாச்சியைத் திறப்பான். பெருங்காயப் பேணியைத் திறப்பானே? திறந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடிப்போட்டுப் போயிடுவான்.”

“கள்ளன் வரேல்ல. காசு போச்சுது.”

“போகேல்ல. திருநீறு போட்டுத் தேய்ச்சா எல்லாம் சரியா வரும். ரெண்டு தேய்ச்சாச்சு. பாருங்கோ அண்ணை.”

கொண்டுவந்து காட்டினாள். கார்த்திகை விளக்கீட்டுக்கு மினுக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி இரண்டு டொலர். காசில் இருக்கிற சுதந்திர தேவியின் கன்னம் முழுக்கக் கீறல். எங்கள் ஆட்களுக்கு வெள்ளி கறுத்தால் குடும்பமே கறுத்த மாதிரி. உலகத்தில் வேறு யாரும் ஒரு அபூர்வ நாணயத்தைத் திருநீறு போட்டு மினுக்கியிருக்க மாட்டார்கள்.

“மிச்சத்தைத் தொடாதேயுங்கோ” என்று அந்தத் தகரப் பேணியைப் பறித்தேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டிப் பெருங்காயம். இங்கே அப்போது அது கிடைக்காது. கூட்டுப் பெருங்காயமும் இல்லை, மாக் கலக்காத நல்ல சரக்கு. பேணி எட்டு மாதமாகச் சுடுதண்ணீர்க் கொதிகலனின் மேல் இளஞ்சூட்டில் இருந்திருக்கிறது. பெருங்காயத்தின் நாற்றமே கந்தகம்தான், இரசாயனம் தெரிந்த எவனுக்கும் தெரியும். பேணிக்குள் இருந்த பதினொன்றும் மயில் கழுத்து மாதிரி இருந்தன. விளிம்பில் ஊதா, உள்ளே நீலம், நடுவில் பொன். அவசரமில்லாத சூடு, மூடிய பேணி. நிறங்களின் வரிசை ஒன்றும் தப்பவில்லை.

சுத்தம் செய்கிற திரவத்தில் முக்கினால் திரும்ப வெள்ளையாக்கலாமா என்று கேட்கத்தான் அவற்றைக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். நான் வாய் திறக்கும் முன் வின்ஸ்லோ ஒன்றை எடுத்துவிட்டார். திரை மூடியது. விளக்கு எரிந்தது. சில்லு சுழன்றது. வரிசை சரியாக இருந்தது. பிறகு மூக்கு.

“பழைய தோல்” என்றார் கண்ணை மூடிக்கொண்டு. “கொஞ்சம் சாம்பிராணி. நூறு வருடமாகத் திறக்காத பெட்டி.”

“அது பெருங்காயம், மிஸ்டர் வின்ஸ்லோ. சமையல் சாமான். நூறு வருடமில்லை, எட்டு மாதம்.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “ஷான், உனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. நல்ல காசு எல்லோருக்கும் ஏதாவது ஞாபகத்தைக் கொண்டுவரும்.”

விவரமாகச் சொன்னேன். சிப்பாய்கள், பேணி, கொதிகலன் எல்லாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சிப்பாய்கள் எந்த மாநிலம்? குகதாசனுக்கு ஒருவன் நெவாடா என்று சொன்ன ஞாபகம். அது போதும். நெவாடாவில் சுரங்கம் உண்டு, சுரங்கமிருந்தால் வங்கி உண்டு, வங்கியிருந்தால் நிலவறை உண்டு. பத்து நிமிடத்தில் அந்தப் பதினொரு டொலரும் நெவாடாவில் ஒரு வங்கியின் நிலவறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டன.

எனக்கு விசர் வந்தது. கந்தோரின் உதிரிக் காசுத் தட்டிலிருந்து ஒரு வெள்ளை டொலரை எடுத்தேன். பரமேஸ்வரியிடம் பேணியை இரவல் வாங்கி, தேநீர் அறையின் கொதிகலன் மேல் வைத்தேன். ஏலத்துக்கு இன்னும் நாள் இருந்தது, அதனால் அவசரப்படவில்லை. ஏழு வாரம். தேநீர் குடிக்க வந்தவர்கள் சாக்கடை உடைந்துவிட்டதென்று கட்டடக்காரனைக் கூப்பிட்டார்கள். எட்டாவது வாரம் அந்த டொலரைக் கொண்டுபோய் ஒன்றும் சொல்லாமல் அவர் மேசையில் வைத்தேன்.

சரித்தார். மணந்தார். முகம் மலர்ந்தது. “அதே குடும்பம். பன்னிரண்டாவது எங்கே கிடைத்தது?”

“எங்கள் தேநீர் அறையில்.”

பேணியைத் திறந்து அவர் மூக்கின் கீழே பிடித்தேன். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். ஆளுக்கு விளங்கிவிட்டது, அதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு சொன்னார்:

“உன் பேணி இயற்கையைப் பார்த்து நன்றாகக் கொப்பி அடித்திருக்கிறது. கொப்பியைக் காட்டி மூலத்தை இல்லையென்று சொல்ல முடியாது.”

எங்கள் கந்தோரில் ஒரு விதி இருந்தது. ஏலப் பட்டியலில் போகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விவரிப்பு அட்டை. அதில் இரண்டு சுருக்கக் கையெழுத்து, விவரித்தவருடையது ஒன்று, பகுதித் தலைவர் வின்ஸ்லோவுடையது ஒன்று. இரண்டும் இல்லாமல் அட்டை அச்சுக்குப் போகாது. விவரிப்பு பொய்யானால் அந்த இரண்டு பேரும் இயக்குநர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வின்ஸ்லோ அட்டையை எழுதி என்முன் தள்ளினார். ‘இயற்கையான நிறம். நெவாடா வங்கி நிலவறையிலிருந்து வந்ததாகக் கருதப்படுவது.’ கீழே தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

“உன் ஆறு மாதம் வெள்ளிக்கிழமை முடிகிறது, ஷான். உன் கடிதமும் என் மேசை லாச்சியில் தயாராக இருக்கிறது.”

அட்டையை எடுத்துக்கொண்டு பென்டில் ஹில்லுக்குப் போனேன். குகதாசன் நடந்ததை ஒரு கடிதமாக எழுதித் தந்தால் வின்ஸ்லோவால் மழுப்ப முடியாது என்று நினைத்தேன்.

“நான் என்ன பொய் சொன்னனான் அண்ணை?” என்றான். “கறுத்துப் போச்சு எண்டுதானே தந்தனான். அந்த மனுசன் வடிவு எண்டு சொன்னால் நான் இல்லையெண்டு சண்டை பிடிக்கிறதோ?”

“வாங்கிறவன் ஏமாறுவான்.”

“அவன் என்ன சோத்துக்கில்லாமலோ டொலர் வாங்கிறான்?” இது பரமேஸ்வரி. “உங்கட கடிதத்தை வாங்கி அக்காவையும் பிள்ளையையும் கூப்பிடுற வழியைப் பாருங்கோ. ஒரு கையெழுத்துத்தானே.”

ஒரு கையெழுத்துத்தான். ரெயினில் திரும்பும்போது போடலாம் என்றுதான் இருந்தேன். இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. காலையில் பேனையை எடுத்தேன். வின்ஸ்லோ தன் அறைக் கதவில் சாய்ந்து நின்று, “நல்ல பையன்” என்றார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பேனையை மூடினேன். கொள்கை, நேர்மை என்று இங்கே எழுதினால் சங்கத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த ‘நல்ல பையன்’ வராமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

வின்ஸ்லோ கோபப்படவில்லை. அட்டையை ரைப்பிஸ்ட் மிஸிஸ் டோலனிடம் கொண்டுபோனார். நல்ல மனுசி. பஸ் கட்டணம் கொடுக்கிறதைத் தவிரக் காசை உற்றுப் பார்த்தறியாதவர். “எங்கே போட வேண்டும், கண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போட்டார். நெவாடா நிலவறைக்கு இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் பழையபடி நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன். மனைவிக்கு என்ன எழுதினேன் என்பதை மலரில் போட முடியாது.

ஏலத்தன்று கதவோரம் நின்று பார்த்தேன். பதினொன்றையும் ஒரே தொகுதியாக விட்டார்கள். மெல்பேர்னிலிருந்து வந்த பெல்ச்சர் என்ற பல் வைத்தியரும், ரெலிபோனில் யாரோ ஒருவரும் விட்டுக்கொடுக்காமல் விலையை ஏற்றினார்கள். சாதாரண வெள்ளை டொலர் பதினொன்று என் ஒரு வாரச் சம்பளத்துக்குள் வரும். இது என் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டிப் போய்ப் பல் வைத்தியரிடம் நின்றது. சனம் கை தட்டியது. வின்ஸ்லோ கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே துடைத்தார்.

குகதாசன் வீடு வாங்கினான். குடிபுகும் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டான். நான் போகவில்லை.

பதினொரு மாதம் கழித்துப் பெல்ச்சரின் கடிதம் வந்தது. காசுகள் கறுத்துக்கொண்டு போகின்றன, என்ன செய்வது, விவரித்த நிபுணரின் ஆலோசனை வேண்டும் என்று கேட்டிருந்தார். கறுக்காமல் என்ன செய்யும்? பெருங்காயப் பிசினின் ஈரம் காசில் ஒட்டியபடியே போயிருக்கிறது. வேலை அங்கேயும் நடந்திருக்கிறது. வழக்கு வருமென்று இயக்குநர்கள் பயந்தார்கள். அட்டையைத் தேடி எடுத்தார்கள். ஒரு கையெழுத்து வின்ஸ்லோ, மற்றது ரைப்பிஸ்ட். வின்ஸ்லோ அன்றே நெஞ்சு வலியென்று லீவில் போனார். அப்போதுதான் ஒருவருக்கு, கையெழுத்துப் போடாமல் நிலக்கீழ் அறைக்குப் போன என் ஞாபகம் வந்தது. முழுத் தொகைக்குக் காசோலை எழுதி, காசுகளை வாங்கிக்கொண்டு வா என்று என்னை மெல்பேர்னுக்கு அனுப்பினார்கள்.

பெல்ச்சருக்கு மல்கிரேவில் புது வீடு. தேநீர் தந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. பெருங்காயம், பேணி, கொதிகலன் என்று அரை மணித்தியாலத்தில் முழுவதையும் சொல்லிக் காசோலையை மேசையில் வைத்தேன்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இதை வேறு யாரிடம் சொன்னீர்கள்?”

“கேட்டவர்களிடம். யாரும் கேட்கவில்லை.”

“நான் எங்கள் நாணயச் சங்கத்தில் நெவாடா நிலவறையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். படம் காட்டி, ஒரு மணித்தியாலம்.”

“சரி. காசுகளைத் தாருங்கள்.”

“ஏழு இருக்கிறது.”

“நாலு?”

“விற்றுவிட்டேன். கறுக்கத் தொடங்கும் முன்.” குரல் இறங்கியது. “வாங்கிய நாலு பேரும் என் நண்பர்கள். நான் வாங்கியதைவிட இரண்டு மடங்குக்கு.”

பிறகு அவர் ஒரு வெள்ளைக் கடதாசியும் பேனையும் எடுத்து என் பக்கம் வைத்தார். நிறம் இயற்கையானது என்று நிறுவனத்தின் சார்பில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், காசோலை எனக்கு வேண்டாம், உங்களுக்கும் ஏதாவது செய்கிறேன் என்றார். ஏமாந்தவனைத் தேடி இத்தனை மைல் போனேன். அங்கே இருந்தது இன்னொரு வின்ஸ்லோ.

நான் எழுதினேன். ‘நிறம் பெருங்காயத்தால் வந்தது. எட்டு மாதம். பென்டில் ஹில், குசினி.’ கீழே சண்முகநாதன் என்று ஒரு எழுத்தும் குறைக்காமல் போட்டேன். அவர் படித்தார். கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். காசோலையை என் கையில் திருப்பித் தந்தார். வாசல்வரை வந்து, பயணம் சௌகரியமாக இருக்கட்டும் என்றார்.

சிட்னியில் இயக்குநர்களில் மூத்தவரிடம் காசோலையைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். பெல்ச்சர் விற்ற நாலு காசையும் சொன்னேன். அவர் காசோலையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“பணம் வேண்டாமென்று விட்டாரா?”

“ஓம்.”

“முறைப்பாடு?”

“இல்லை.”

“மற்ற நாலு பேரும் எங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை” என்றார். கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதினார். ‘வாடிக்கையாளர் திருப்தி. விடயம் முடிந்தது.’ தன் கையெழுத்தைப் போட்டு, கோப்பை என் பக்கம் திருப்பினார். விதி இருக்கிறதல்லவா, இரண்டு கையெழுத்து வேண்டும். நேரில் போனவன் நான்தான். கோப்புக்குப் பக்கத்தில் இன்னொரு கடதாசியும் இருந்தது. விவரிப்பாளர் நியமனம், நிரந்தரமாக. அதில் என் முழுப் பெயரையும் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள்.

அந்த வரியைப் பல தடவை படித்தேன். பொய் எங்கே இருக்கிறது என்று தேடினேன். பெல்ச்சர் திருப்தியாகத்தான் இருந்தார். விடயமும் முடிந்துதான் விட்டது. ஒரு சொல்லும் பொய்யில்லை.

போட்டேன். மனைவியும் மகளும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தார்கள். அந்த நாலு பேருக்கும் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.